நூறாவது துண்டு

மூளைப் பயிற்சி மையத்தில் டோக்கனைத் தாளில் எழுதித் தரமாட்டார்கள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் எண்ணை ஒரே ஒரு முறை வாயால் சொல்வார். நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூப்பிடும்போது எண்ணை மறந்து நிற்பவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி ஒரு எண்ணைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஞாபகமறதிக்காரர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. நாங்கள் போன அன்று மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான்கு நாளாக வருகிறாராம்.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தாம்மா யோசிச்சிட்டிருக்கேன்," என்றார்.

எங்கள் எண் அறுபத்திரண்டு. என் கணவருக்குப் பதில் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். யார் துணி எந்தக் கட்டு என்று முந்நூறு எண்கள் தலைக்குள் ஓடும். இது ஒன்றும் பெரிதில்லை.

என் கணவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். தெருவில் எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். தம்பியோடு சேர்ந்து கடை வைத்திருந்தார். போன மழைக்காலத்தில் ஏணியில் நிற்கும்போதே தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தப்பியது. வலது கை பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் மையத்தின் தேர்வில் தேறி 'தெளிவுச் சான்றிதழ்' வாங்க வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் மையத்தின் காப்பகத்துக்கு அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். சான்றிதழ் இல்லாதவர் வீட்டில் இருப்பது ஊருக்கு ஆபத்தாம். கண்ணாடி போடுகிற மனுஷன் தன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதில் ஊருக்கு என்ன ஆபத்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு படிவம் நீட்டியிருப்பார்கள்.

அவருக்குப் பேச்சு எப்படித் திரும்பியது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் அதுவே குற்றமாகிவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து, இருபத்தாறு வருஷமாக, எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் எதையாவது காட்டி "எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். கதவின் அகலம், மேசையின் உயரம், பக்கத்து வீட்டுக்காரர் மீசை, எதுவானாலும் சரி. இருவரும் அங்குலக் கணக்கில் சொல்வோம். பிறகு டேப்பு வைத்து அளப்போம். தள்ளிப்போனவர் பாத்திரம் கழுவ வேண்டும். மீசைக்கு மட்டும் டேப்பு வைத்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன ஓர் அளவைக்கூட அவர் ஒத்துக்கொண்டது கிடையாது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு?" என்பார். முக்கால்வாசி நாள் நான்தான் பாத்திரம் கழுவினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். ஒருநாள் வெறுத்துப்போய் அலமாரிக் கதவைக் காட்டி, "அது எவ்வளவு? நான் முப்பதுங்கறேன்," என்றேன். அவர் அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கோபம் அந்த முகத்தில். "இ... இருபத்..." என்று திணறி, எச்சில் வழிய, "இருபத்தேழு," என்றார்.

டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்தேழு. அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே ஓவென்று அழுதேன்.

முதலில் எண்கள் திரும்பின. பிறகு மேல, கீழ, குறுக்க என்று சின்னச் சின்ன வார்த்தைகள். இரண்டாம் மாதக் கடைசியில் ஒருநாள் நான் அளவைத் தப்பாகச் சொன்னதும், "கண்ணு பிடரியிலயா?" என்றார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்டாட்டி எங்கும் இருந்திருக்கமாட்டாள். அந்தத் தெம்பில்தான் தேர்வுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

மையத்தின் கூடத்தில் சிமெண்டில் ஒரு மூளை வைத்திருந்தார்கள். ஆள் உயரம். பச்சை வர்ணம் அடித்திருந்ததால் முட்டைக்கோஸ் போல் இருந்தது. அதன் முன்னால் நின்று, "நான் மகிழ்ச்சியோடு விளையாடுவேன், விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். பேச்சு வராதவர்கள் வாயை அசைத்தால் போதும். உள்ளே மகிழ்ச்சிக் கண்காணிப்பாளர் என்று ஓர் அம்மாள். மகிழ்ச்சி இல்லாமல் விளையாடினால் மூளைக்குப் பலன் இல்லை என்று கண்டுபிடித்திருப்பதால், ஒவ்வொருவரும் எத்தனை முறை சிரிக்கிறார் என்று குறித்துக்கொள்வது அவர் வேலை. பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் சிரிப்பை எண்ணி எண்ணி அவர் முகம் மூடிய கடைபோல் ஆகியிருந்தது.

தேர்வு இதுதான். மரத்தில் அறுத்த நூறு துண்டுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஒன்றின் காது இன்னொன்றின் குழிக்குள் கோத்துக்கொள்ளும். சேர்த்தால் மையத்தின் கட்டடம் படமாக வரும். நாற்பது நிமிஷம். முடித்ததும் மேசைமேல் இருக்கும் மணியை அடித்து, "முடிஞ்சுது" என்று வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் இடது கையாலேயே மளமளவென்று அடுக்கினார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு நிமிஷத்தில் கட்டடம் நின்றுவிட்டது. மேல்மாடியில் ஒரு ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை. பெட்டிக்குள் கைவிட்டுத் தேடினார். மேசைக்கடியில் குனிந்தார். கண்காணிப்பாளரின் நாற்காலிக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

"மணி அடிங்க," என்றார் அந்த அம்மாள்.

"இன்னும்... இருக்கு."

"எல்லாரும் இத்தோட அடிச்சிருவாங்க."

அவர் அடிக்கவில்லை. முப்பது வருஷம் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டவர். ஒரு ஜன்னல் திறந்து கிடக்கும்போது வேலை முடிந்தது என்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மீதி பதினெட்டு நிமிஷமும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவுத் தாளில் எழுதினார்கள்: 'செய்த வேலை முடிந்துவிட்டதை உணரும் திறன் இல்லை. சிரிப்பு: பூஜ்யம்.'

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். நல்ல மனுஷர்போலத்தான் உட்காரச் சொன்னார்.

"ஐயா, அந்தப் பெட்டியில ஒரு துண்டு குறையுது. தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு."

"தெரியுமே," என்று சந்தோஷமாகத் தன் தலைக்கு மேலே கைகாட்டினார். சுவரில் தங்க நிறச் சட்டத்துக்குள், சிவப்புத் துணியின்மேல் ஒரு மரத்துண்டு. அதில் ஒரு ஜன்னல். பக்கத்தில் மாலை போட்ட ஒருவர் அதே துண்டைக் கையில் பிடித்திருக்கும் போட்டோ.

"உங்களுக்கு வரலாறு தெரியாதும்மா. இந்த மையத்தைத் திறந்து வச்ச அன்னைக்கு, கடைசித் துண்டைச் சிறப்பு விருந்தினர் தன் கையால வைக்கறதா ஏற்பாடு. கையில எடுத்தார், போட்டோவும் எடுத்தாங்க. அதுக்குள்ள வேற ஒரு திறப்பு விழாவுக்கு நேரமாயிடுச்சு. துண்டை என்கிட்ட குடுத்துட்டுக் கார்ல ஏறிட்டார். அவர் கை பட்ட துண்டும்மா. அதைக் கொண்டுபோய் நோயாளிங்க தடவற பெட்டியில போடச் சொல்றீங்களா?"

"அது இல்லாம படம் எப்படிங்க முடியும்?"

"பன்னெண்டு வருஷத்துல மூவாயிரத்து நானூறு பேர் மணி அடிச்சு முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்காங்க. அத்தனை பேரும் பொய்யா சொன்னாங்க? உங்க வீட்டுக்காரர் ஒருத்தர் கண்ணுக்குத்தான் ஓட்டை தெரியுது. கோளாறு எங்கே இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

"ஓட்டை எனக்கும் தெரியுதுங்களே."

இயக்குநர் ஒரு புதுப் படிவத்தை இழுத்து, பேனா மூடியைக் கழற்றி, மிகவும் அன்பாகக் கேட்டார்: "உங்களுக்கு வயசு என்னம்மா ஆகுது?"

"எனக்கு ஓட்டை ஒண்ணும் தெரியலைங்க," என்றேன்.

"நல்லது," என்று பேனாவை மூடினார்.

அந்த வாரமே வீட்டு ஆய்வாளர் ஒருவர் வந்தார். வீட்டில் என்ன மூளைப் பயிற்சி நடக்கிறது என்று கேட்டார். பெருமையாக எங்கள் விளையாட்டைச் சொன்னேன். புத்திகெட்ட காரியம்.

"இதுக்கு நேர வரம்பு உண்டா?"

"இல்லைங்க. சாப்பிட்ட பிறகு, தூக்கம் வர்றவரைக்கும்."

"மதிப்பெண்?"

"பாத்திரம்தாங்க."

"தோத்தவங்களுக்குத் தண்டனை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சரியான விடை எங்கே இருக்கு? அதாவது விடைப் புத்தகம்?"

"டேப்புல இருக்குங்க."

அவர் டேப்பை இழுத்துப் பார்த்தார். அது சடாரென்று சுருண்டு உள்ளே போனதும் பயந்துபோய்க் கீழே வைத்தார். பிறகு 'அங்கீகாரம் பெறாத விளையாட்டுக் கருவி' என்று சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் பேசத் தொடங்கியதே அந்த விளையாட்டால்தான் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். "அதுதாம்மா கவலை," என்றார் ஆய்வாளர். "எங்க கணக்குப்படி ஏழாவது மாசந்தான் அவர் பேசணும்."

கொழுந்தன் சாயங்காலம் வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணா, வீம்பு பண்ணாத. நானும் போன வருஷம் கடை லைசென்சுக்காக அங்க போனேன். தொண்ணூத்தொம்பது வச்சேன், டிங்குன்னு அடிச்சேன், வந்துட்டேன். நமக்கென்ன?"

என் கணவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "நீ... கண்ணாடி போடறவன்தானே?"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னிடம், "நீங்களாவது சொல்லுங்க அண்ணி," என்றார்.

நானும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவை மணி அடிச்சுடுங்க. உங்களைக் கொண்டுபோயிட்டா நான் யார்கிட்ட எவ்வளவுன்னு கேப்பேன்?"

"ஓட்டை இருக்குடி," என்றார். எனக்குத்தான் புரியவில்லை என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

இரண்டாம் முறையும் அடிக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓட்டைக்குள் விட்டு நாலு பக்கமும் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினார். கண்காணிப்பாளர் அதை 'கைநடுக்கம்' என்று குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கரித்துண்டால் தரையில் ஓர் உருவம் வரைந்தார்.

"ரெண்டே முக்கால். மேல ஒரு காது. இடது பக்கம் குழி."

பேச்சு போனபின் ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

கொழுந்தன் கடையிலிருந்து தடித்த கண்ணாடித் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். பதினெட்டு நாள் வேலை. இடது கையால் கீறுவார், வலது கையால் அழுத்திப் பிடிப்பார். முதல் நாள் வலது கை கண்ணாடியைப் பிடிக்கவே இல்லை. நாலாம் நாள் பிடித்து நழுவவிட்டது. பத்தாம் நாள் நழுவவிடவில்லை. நேர்க்கோட்டில் வெட்டுவது எளிது. காது மாதிரி வளைவதற்குக் கண்ணாடி சம்மதிக்காது. துளித்துளியாக உடைத்து, தண்ணீர் விட்டு, கல்லில் தேய்த்தார். ஏழு துண்டு உடைந்தது. ஒவ்வொன்று உடையும்போதும் பழைய கெட்ட வார்த்தை ஒன்று புதிதாக ஞாபகம் வந்தது. நான் வேலைவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்பேன். "இன்னும் ஒரு மயிரிழை," என்பார். தலைநிமிராமல் பாட்டுக்கூட முணுமுணுத்தார். டாக்டர் சொன்ன பயிற்சிகளில் எதுவும் அந்தக் கைக்கு அத்தனை உயிர் தரவில்லை. இவர் தேறிவிடுவார் என்று அப்போது முழுசாக நம்பினேன்.

மூன்றாவது தேர்வு. பதினாறு நிமிஷத்தில் தொண்ணூற்றொன்பது துண்டும் அடுக்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கண்ணாடியை ஓட்டைமேல் வைத்து, வலது கைக் கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. மேல்மாடி ஜன்னலில் கண்ணாடி. குனிந்து பார்த்தால் உள்ளே மேசையின் டீக்கறைகூடத் தெரிந்தது.

மணியை அடித்தார். "முடிஞ்சுது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி வாய் கொள்ளாமல் சிரித்தார்.

கண்காணிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மேசையில் அவர் பார்த்த முதல் நிஜச் சிரிப்பு. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், 'சிரித்தார். காரணம் தெரியவில்லை' என்று ஓரத்தில் எழுதினார்.

இயக்குநர் வந்தார். படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். எத்தனை துண்டு என்று எழுதும் கட்டங்கள் தொண்ணூற்றொன்பதோடு முடிந்திருந்தன. நூறுக்குக் கட்டம் இல்லை.

"எல்லாரும் கவனிங்க," என்று ஊழியர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். "இது ரொம்ப அரிய கேஸ். இல்லாத ஒரு துண்டுக்காக இவர் நாள் கணக்கா வீட்டுல உட்கார்ந்து வேலை பார்த்திருக்கார். இதைத்தான் நாம நோய்ங்கறோம். குறையைப் பார்க்கறது ஆரம்ப நிலை. அதைச் சரிபண்ணக் கிளம்பறது முத்தின நிலை. இவரைப் பார்த்து நாளைக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்குக் குறையறதைச் செஞ்சு எடுத்துட்டு வந்துட்டா, அப்புறம் மையம் எதுக்கு?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். மையத்தில் அதுவும் ஒரு பயிற்சி.

கண்ணாடியை வெளியே எடுக்கச் சொன்னார். யாராலும் முடியவில்லை. நகம்கூட நுழையாதபடி பொருந்தியிருந்தது. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு உளியை வைத்துத் தட்டினார்கள். எட்டாவது துண்டும் உடைந்தது. இந்த முறை என் கணவருக்குக் கெட்ட வார்த்தைகூட வரவில்லை. உடைந்த கண்ணாடியை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். வாசலில் வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. முடிவுத் தாளில் தோற்றார் என்பதும் காப்பகம் என்பதும் அச்சடித்தே இருந்ததால் அதிக நேரம் ஆகவில்லை.

காப்பகத்தில் மாதம் ஒருமுறை, கால்மணி நேரம் பார்க்கலாம். முதல் முறை போனபோது அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஜன்னல் எவ்வளவு, சொல்லு?" என்று அவரே தொடங்கினார். நான் இருபது என்றேன். "பிடரியில கண்ணு. பதினெட்டரை," என்றார். அளக்க டேப்பு இல்லை. நான் சாண் போட்டுப் பார்ப்பதற்குள் நர்ஸ் வந்து, 'தொடர்பில்லாத எண்களைச் சொல்கிறார்' என்று எழுதிக்கொண்டு போனாள். இரண்டாம் முறை போனபோது மருந்து மாற்றியிருந்தார்கள். "எண்ணெல்லாம் நின்னுடுச்சும்மா," என்றாள் நர்ஸ். பாவம், எனக்கு நல்ல சேதி சொல்வதாகத்தான் நினைத்தாள். மூன்றாம் முறை அவர் ஒரு பலூன் படத்துக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். நான்காம் முறையும் அதே பலூன். சிரிப்பு மட்டும் மணிக்கு ஆறு வீதம் வருவதாக அட்டவணை சொல்லியது.

ஆறாம் மாதம் மறுதேர்வு வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. வலது கையை அவர் பயன்படுத்தவே இல்லை. ஒரு கையால் மெதுவாக அடுக்கினார். முப்பத்தெட்டு நிமிஷம் ஆயிற்று. ஓட்டையின்மேல் அவர் பார்வை போனது, நிற்காமல் தாண்டியும் போனது. மணியை அடித்தார். "முடிஞ்சுது," என்றார்.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "முன்னே இவர் இல்லாததையெல்லாம் பார்த்தார். இப்போ இருக்கறதை மட்டும் பார்க்கறார். இதுதாங்க தெளிவு," என்று சொல்லி, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை என் கையில் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். நான் சிரித்தேன். அதையும் கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

வீட்டில் சமையலறை ஜன்னல் கண்ணாடி இரண்டு மாதத்துக்கு முன் காற்றில் அடித்து உடைந்திருந்தது. எங்கள் கல்யாண வருஷத்தில் அவர் போட்ட கண்ணாடி. அகலம் பதினேழே கால், எனக்கு மனப்பாடம். "நான் போட்டுடறேன் அண்ணி," என்று கொழுந்தன் எத்தனையோ தடவை கேட்டார். "வேணாம், உங்கண்ணன் வந்து போடட்டும்," என்று அப்படியே விட்டு வைத்திருந்தேன். காற்றும் தூசியும் வந்துகொண்டிருந்தன. அதற்கு எதிரிலேயே நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன்.

சாப்பிட்டு முடித்தோம். மழை பிடிக்கிற மாதிரி இருந்தது. திறந்து கிடந்த ஜன்னலைக் காட்டினேன்.

"அது எவ்வளவு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கண்கள் அதன்வழியாக வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தன.

திட்டாவது வாங்கலாம் என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். "நான் பதினாலுங்கறேன்."

அவர் என்னைப் பார்த்து, அட்டவணைப்படி சிரித்தார்.

"சரி," என்றார்.

அவர் சாப்பிட்ட தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்தேன். மழை வந்துவிட்டது. சாரல் உள்ளே அடித்து அடுப்பு நனையத் தொடங்கியது. கைக்கு அகப்பட்ட கெட்டியான பொருள் அந்தச் சான்றிதழ்தான். அதை எடுத்து ஜன்னல் சட்டத்தில் சொருகினேன். மூன்று விரற்கடை குறைந்தது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.